என் கழுத்தும் டாக்டரின் தாடியும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் கழுத்தைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் கழுத்து உட்பட நலமாக இருக்க வேண்டுகிறேன்.

"ஆபரேஷன் பண்ணிக்கோடா" என்று நீ போனில் அழுததற்குப் பதில்: மாட்டேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் கடிதம்.

போன வாரம் சலூனில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து கத்திரிக்கோல் தானாக நழுவியது, எடுக்கக் குனிந்தால் விரல் மடங்கவில்லை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, நானும் எண்ணெய் வழுக்கிவிட்டது என்று சமாளித்தேன், ஆனால் சாப்பாடு கொண்டுவந்த உன் தம்பி பெண்டாட்டி பார்த்துத் தொலைத்துவிட்டாள். அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நர்ஸ் பிரஷர் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "கொஞ்ச நேரம் அமைதியா உக்காருங்க" என்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் இவள், நான் ஒளித்து வைத்துத் தின்ற சிப்ஸ் பாக்கெட்டுகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். மறுபடி பார்த்தால் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது.

அப்புறம் கழுத்தில் பசையைத் தடவி ஸ்கேன். நுரையே வராத பசை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் இடது பக்கம் கொழுப்பு படிந்து முக்கால்வாசி அடைத்திருக்கிறதாம். கழுத்தைத் திறந்து, குழாயைச் சுத்தம் செய்து தைக்கணுமாம். இல்லையென்றால் அடுத்த தடவை போன கை திரும்பாமலே போகலாம், பேச்சும் போகலாம் என்றார் டாக்டர். பேச்சு போகும் என்றதும் இவள் முகத்தில் ஒரு யோசனை ஓடியதை நான் பார்த்தேன்.

அக்கா, கழுத்தில் கத்தி வைக்கிறது என் தொழில். இன்னொருத்தர் வைக்க விடமாட்டேன். அதுவும் அந்த டாக்டரின் தாடியை நீ பார்க்கணும்! ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். "யார் சார் வெட்டினது?" என்றேன். "நானேதான்" என்றார் பெருமையாக. தாடியை நேராக வெட்டத் தெரியாதவர் என் குழாயை நேராகத் தைப்பாரா? "கடைக்கு வாங்க, சரி பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பயமா என்று கேட்பாய். பயம்தான். இந்தக் கை போனால் அப்புறம் நான் என்ன செய்வேன்? ஆனாலும் மாத்திரை போடுகிறேன், உப்பைக் குறைத்தாயிற்று, கழுத்தை மட்டும் தரமாட்டேன். நீ அழுதாலும் சரி, அத்தானை அனுப்பினாலும் சரி.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். கண்ட இடத்தில் தலையைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
முடிவை மாற்றாத தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் டாக்டர் கடைக்கு வந்து நிற்கிறார்! "கூப்பிட்டீங்களே, தாடிய எடுத்துடுங்க" என்று நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்தை நீட்டிவிட்டார். கத்திரிக்கோல் நழுவிய நாளிலிருந்து சவரத்துக்கு வந்தவர்களையெல்லாம் சாக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். நுரை போட்டேன். கத்தியை எடுத்தேன். வைக்க முடியவில்லை அக்கா. "இந்தக் கைய நம்ப முடியல சார்" என்றேன். அவர் நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப வியாழக்கிழமை வந்து சேருங்க. நீங்க தேறி வந்து எடுக்கிற வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்" என்று போய்விட்டார். என் கடையிலிருந்து ஒருத்தர் அந்தத் தாடியோடு வெளியே போவதை இந்தத் தெருவே பார்த்தது. இந்த அவமானத்தை விட்டுவைக்க முடியாது. நீ புதன்கிழமையே வந்துவிடு.