பட்டுவுக்குப் புது ஆள் தேவை

நாய் வளர்க்கிற வீட்டு வாசலில் நின்றால் தவறாமல் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "ஒண்ணும் செய்யாது, சும்மா உள்ள வாங்க." சொல்கிறவர் ஒரு கையால் நாயின் கழுத்துப் பட்டையை இழுத்துப் பிடித்திருப்பார். இன்னொரு கையால் கிரில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். முகத்தில் மட்டும் சிரிப்பு இருக்கும். சங்கரன்கோவிலில் அந்த வாக்கியத்தை அதிகம் சொன்னவன் அநேகமாக நான்தான்.

எங்கள் ஊர்க்காரன் நாய் வாங்குவதென்றால், பக்கத்தில் ராஜபாளையம் இருக்கிறது, போய் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு வேட்டை நாயைப் பிடித்து வருவான். நான் பொமரேனியன் குட்டி வாங்கினேன். பஞ்சுமிட்டாய்க்குக் கண்ணும் மூக்கும் வைத்த மாதிரி இருந்தது. பட்டு என்று பெயர் வைத்தேன். (அம்மா அப்போதே சொன்னாள், இதைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகாதே, கல்யாணம் ஆகாத பையன் என்று.)

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். தெருவில் விடிந்ததிலிருந்து விசைத்தறிச் சத்தம். அது போதாதென்று பட்டு. எங்கள் இரண்டு பேரிடமும் அது பட்டுதான். மடியில் ஏறிப் படுக்கும், கட்டை விரலை நக்கும். வெளியாள் ஒருவரின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், ஐந்து மாதக் குட்டிக்குள் எங்கிருந்தோ ஒரு போலீஸ் ஸ்டேஷனே வந்து உட்கார்ந்துகொள்ளும். வெறும் குரைப்பு என்றால் பரவாயில்லை. பாயும், கவ்வும், கவ்வியதை விடாது. பால்காரர் பாக்கெட்டைக் கேட் கொண்டியில் மாட்டிவிட்டு ஓடினார். சிலிண்டர் கொண்டுவருகிறவர் சிலிண்டரைத் தனக்கும் பட்டுவுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே வந்தார். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த தரகர், புது ஜாதகத்தோடு வந்தவர், பாதி வேட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். அந்த ஜாதகமும் அவரோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பனவடலிசத்திரத்து உமாவின் சம்பந்தம். கோமதி அம்மன் சன்னதியில் வைத்துப் பெண் பார்த்தோம். உமா என்னைப் பார்த்ததைவிட என் கையிலிருந்த கீறல்களைத்தான் அதிகம் பார்த்தாள். பெரியவர்கள் பிரகாரம் சுற்றப் போன நேரத்தில் நேராகவே கேட்டாள்.

"உங்க வீட்டுல நாய் இருக்காமே. கடிக்குமா?"

"சேச்சே, பச்சப் பிள்ள மாதிரி."

"எனக்கு நாய் பிடிக்கும். எங்க மாமா வீடு பாக்க வருவாவ. அவாளக் கடிச்சுராம பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மாமா என்றால் தாய்மாமன். அப்பா இல்லாத பெண் என்பதால் அவர் சொல்வதுதான் முடிவு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரும் அத்தையும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அம்மா சுருக்கமாகச் சொன்னாள்: "ஏலே, அன்னைக்கு அது யார் மேலயாவது பாஞ்சுச்சு, மறுநா காலைல மேலநீலிதநல்லூர் சித்தி தோட்டத்துக்குப் போயிரும்." சித்தி தோட்டத்தில் ஆட்டுக்குக் காவலாக நாலைந்து நாய்கள் உண்டு. அவற்றுக்குப் பட்டு ஒரு வேளைப் பலகாரம்.

அறையில் போட்டுப் பூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். பூட்டிப் பார்த்தோம். அது போட்ட ஊளையில் தறி ஓட்டுகிறவர்கள் தறியை நிறுத்திவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டு வந்துவிட்டார்கள்.

ஆகவே பழக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். போனில் நாய் பழக்கும் வீடியோக்களாகப் பார்த்தேன். வேலைக்கு நடுவில் பார்த்தேன், சாப்பிடும்போது பார்த்தேன், பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். புது ஆளைத் தூரத்தில் நிறுத்து. நாய் சத்தம் போடாமல் இருந்தால் உடனே தின்பண்டம் கொடு. புது ஆள் வந்தால் நல்லது நடக்கும் என்று அதற்குப் புரிந்துவிடும். தின்பண்டத்துக்கு வேகவைத்த கோழி சிறந்தது என்றார்கள். எங்கள் வீடு சைவம். அம்மா ஒரு தேங்காயை உடைத்துச் சில்லுப் போட்டுத் தந்தாள். பட்டு அதற்கும் உயிரை விட்டது.

எதிர்வீட்டுக் கணபதி அண்ணாச்சி நல்ல மனிதர். தினமும் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கச் சம்மதித்தார். அவர் நிற்பார். பட்டு குரைக்கும். மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தும். நான் பாய்ந்து தேங்காய்ச் சில்லைக் கொடுப்பேன். சில நாளிலேயே நல்ல முன்னேற்றம். குரைக்கும், டக்கென்று நிறுத்தும், என்னைத் திரும்பிப் பார்க்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வியாழக்கிழமை அம்மா அரிசி புடைத்துக்கொண்டே எங்களைக் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"அது நிறுத்தினாத் தேங்கான்னு நீ நெனைக்க. மொதல்ல குலைச்சாத்தானல நிறுத்த முடியும். அது தேங்காக்காகக் குலைக்கி."

உண்மைதான். அண்ணாச்சி வீட்டுக்குள் இருந்தபோதுகூட அவர் வீட்டைப் பார்த்துக் குரைத்துவிட்டு என்னிடம் வந்து நாக்கைத் தொங்கப்போட்டது. நான் அதற்குக் குரைக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளமும் கொடுத்திருக்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க நாளும் இல்லை, ஆளும் இல்லை. அண்ணாச்சிக்கு வேறு வேலை வந்துவிட்டது. (எதிர்வீட்டு ஜன்னலுக்குள் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கிற வேலை.) தெருவில் வேறு யாரும் எங்கள் கேட் பக்கம் வருவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே அத்தனை புது ஆட்களையும் ஒன்றாகப் பார்த்ததும் யாரை முதலில் கடிப்பது என்று தெரியாமல் அது என்னைக் கடித்தது.

சனிக்கிழமை முழுக்க வாசலுக்கும் புறவாசலுக்குமாக நடந்தேன். உமா, மாமா வருவதைப் பற்றி ஒரு மெசேஜ் போட்டிருந்தாள், கூடவே ஒரு நாய்ப் படம். அதற்கு என்ன பதில் போடுவதென்று பத்துத் தரம் எழுதி அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியை வாயில் வைத்த நேரத்தில்தான் அந்த யோசனை வந்தது. புது ஆள் கிடைக்காவிட்டால் என்ன, நானே புது ஆளாகிவிட்டால்?

மாமா பத்தரைக்கு மேல்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். நேரம் இருந்தது. நாய் வாசனையில்தான் ஆளைக் கண்டுபிடிக்கும் என்பது வீடியோவில் படித்த பாடம். அண்ணாச்சி வீட்டுக்குப் போய், அவர் முந்தின நாள் போட்டுக் கழற்றிய சட்டையைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, இருக்கட்டும் அண்ணாச்சி என்றேன். அதற்கு மேல் என் வாசனை போவதற்காக அம்மாவின் தலைவலித் தைலத்தைக் கழுத்தெல்லாம் தடவினேன். அதற்கு மேல் முழங்காலைத் தாண்டும் மழைக்கோட்டு. தலையில் கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். புறவாசல் வழியாக வெளியே போய், பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி, பாக்கெட்டில் தேங்காய்ச் சில்லோடு முன் கேட்டைத் திறந்து என் வீட்டுக்குள் நுழைந்தேன்.

பட்டு வாசற்படியில் படுத்திருந்தது. எழுந்தது. என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை.

வெற்றி என்று நினைத்தேன். அசையாமல் நில், கண்ணைப் பார்க்காதே, ஓடாதே என்று வீடியோவில் சொன்னதை எல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். குரைக்காமல் வரும் நாயைப் பற்றி வீடியோவில் இன்னும் கொஞ்சம் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்ப்பதற்குள் அன்றைக்கு யாரோ ஆபீஸில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பட்டு மெதுவாக வந்து, மழைக்கோட்டை மோந்து, நிதானமாக என் கெண்டைக்காலைக் கவ்வியது.

நான் ஓடினேன். நாய் மழைக்கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. கேட் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மூச்சு விட்டதில் ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, தைலம் கண்ணில் எரிந்து, உலகமே புகையாக இருந்தது. கையில் தட்டுப்பட்டது காம்பவுண்டுச் சுவர். ஏறினேன். பாதி உடம்பு தெருப்பக்கம், பாதி வீட்டுப்பக்கம், வீட்டுப்பக்கப் பாதியில் பட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாமாவும் அத்தையும் முதல் பஸ்ஸுக்கே கிளம்பி, அம்மனைக் கும்பிட்டு முடித்து, நேரம் இருக்கிறதே என்று சீக்கிரம் வந்துவிட்டார்கள். மாமாவுக்கு மாடு கன்றுகளோடு பழகிய கை. அவர் கண்ணில் பட்டது இதுதான்: மாப்பிள்ளை வீட்டுச் சுவரில், பட்டப்பகலில், ஹெல்மெட்டும் கோட்டும் போட்ட ஒருத்தன் எகிறிக் குதிக்கப் பார்க்கிறான், வீட்டு நாய் அவனை விடாமல் இழுக்கிறது. அவர் யோசிக்கவே இல்லை. என் காலைப் பிடித்து ஒரே இழுப்பில் தெருவில் போட்டு, சட்டைக் காலரைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

நான் யாரென்று சொன்னேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "மாப்பிள்ள, மாப்பிள்ள" என்பது மட்டும்தான் வெளியே கேட்டிருக்கிறது.

"எவனுக்குல மாப்பிள்ள? திருட வந்த பய என்னையே மாப்பிள்ளங்கான்" என்று முதுகில் ஒன்று வைத்தார். தாடைப் பட்டையைக் கழற்றப் பார்த்தேன். கொக்கி இறுகிவிட்டிருந்தது. நான் கையை உயர்த்திய ஒவ்வொரு தரமும் அடிக்க வருவதாக நினைத்து இன்னொன்று வைத்தார்.

சத்தம் கேட்டுக் கரண்டியும் கையுமாக அம்மா ஓடிவந்தாள். அவளுக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. கோட்டு விலகித் தெரிந்த சட்டையைப் பார்த்துவிட்டு, ஐயையோ நம்ம அண்ணாச்சி என்று அலறினாள். எதிர்வீட்டிலிருந்து அண்ணாச்சி, நான் இங்கன இருக்கேன், அது உங்க பையன்தான் என்று குரல் கொடுத்தார். பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து ஹெல்மெட்டைப் பிடுங்கினார்கள். காது ரெண்டும் கூடவே வந்துவிடும் போலிருந்தது. உள்ளே வியர்த்து, கண் சிவந்து, தைலம் மணக்க மணக்க நான்.

மாமாவின் கை இன்னும் காலரிலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டார். பட்டுவைத் தேடினேன். நான் திறந்துபோட்ட கேட் வழியாக வெளியே வந்து, தான் துரத்திய கள்ளனைப் பிடித்துக் கொடுத்தவர் என்று அவர் காலடியில், அவருடைய ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. அத்தை குனிந்து அதைத் தூக்கினாள். எனக்கு உயிர் போய்விட்டது. அது அவள் கன்னத்தை நக்கியது.

அந்த நேரம் பார்த்து மாமாவின் போன் அடித்தது. அவருக்கு ஒரு கைதான் ஒழிவு. ஸ்பீக்கரில் போட்டார். உமாவின் அம்மா.

"அண்ணே, போய்ச் சேந்துட்டியளா? மாப்பிள்ள பிடிச்சிருக்கா?"

மாமா என்னைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"பிடிச்சிருக்கேன்" என்றார்.

அவ்வளவுதான், அத்தை நாயோடு தெருவிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கரண்டியால் வாயை மூடிக்கொண்டாள். போனில் உமா, என்ன என்ன என்று கேட்பது கேட்டது.

கேசரி சாப்பிட்டுவிட்டு மாமாவே என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனார். யார் வீட்டு நாய் கடித்தது என்று டாக்டர் கேட்டபோது நான் கூரையைப் பார்த்தேன். திரும்பி வரும்போது மாமா, "நாயை நல்லாத்தான் பழக்கியிருக்கீரு மாப்பிள்ள. கள்ளனைக் கடிக்கி, சொந்தக்காரங்கள நக்குது" என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார். நான் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

உமாவுக்கும் எனக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. வந்த புதிதில் அவளே பட்டுவைப் பழக்கினாள். குரைப்பதற்கு முன்பே தேங்காய் கொடுத்தாள், அவ்வளவுதான் வித்தை. இப்போது பால்காரர் அதைத் தூக்கிக் கொஞ்சுகிறார். ஹெல்மெட் போட்ட என்னை மட்டும் இன்னும் அதற்கு ஆகாது. தெருமுனையிலேயே ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். அங்கே டீக்கடைக்காரர் எனக்கு ஏதோ நேர்ச்சை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் உமாவின் தங்கைக்குப் பேசியிருக்கும் பையன் வீட்டுக்கு மாமா போய்வந்தார். நாங்கள் எல்லாரும் கூடத்தில் காத்திருந்தோம். செருப்பைக் கழற்றுவதற்குள் என் மாமியார், மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமா சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்தார்.

"இவரப் பிடிக்க வேண்டி வரல. முன்வாசல் வழியா அவரே வந்துட்டாரு."