அக்கா நலக் குழுவின் ஏழு கூட்டங்கள்

மனித குலம் இத்தனை காலமாகத் தேடி அலைந்த 'நியாயமான ஊதியம்' என்பதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நாங்கள் நால்வர் கண்டுபிடித்தோம். தம்பட்டம் அடித்துக்கொள்வது என் வழக்கமில்லை. இருந்தாலும், இவ்வளவு பெரிய உண்மையை மறைத்து வைப்பது உலகத்துக்குச் செய்யும் துரோகம் என்பதால் எழுதுகிறேன்.

நான் ஒரு பெரிய அலுவலகத்தில் ஊழியர் நலப் பிரிவு மேலாளர். ஊழியர் நலன் பற்றி வாரத்துக்கு மூன்று சுற்றறிக்கை விடுவது என் வேலை. என் மனைவி வங்கி அதிகாரி. மாடி வீட்டில் ஆடிட்டரும் அவர் மனைவியான பல் டாக்டரும். எங்கள் மகனுக்கு இரண்டு வயது. அவன் நடந்து யாரும் பார்த்ததில்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறார்கள், ஆகவே 'புயல்'. அவர்கள் மகனுக்கு எட்டு மாதம். தரையில் விட்டால் ஊரைக் கூட்டுவான், இடுப்பில் வைத்தால்தான் ஆட்சி நடக்கும், ஆகவே 'மகாராஜா'.

முதலில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த ஆயாவை இரண்டு வீட்டுக்கும் பொதுவாக்குவது என்று முடிவானதும், அவருடைய சம்பளத்தையும் கடமைகளையும் நியாயமாக வகுக்க 'அக்கா நலக் குழு' பிறந்தது. தலைவர் நான். ஆயா என்று அழைப்பது கௌரவக் குறைவு என்று முதல் கூட்டத்திலேயே தடை விதித்தோம். எங்கள் நால்வரையும்விட அவர் வயதில் சிறியவர்தான். ஆனாலும் 'அக்கா' என்று அழைப்பதாக ஏகமனதாகத் தீர்மானித்தோம். மரியாதைக்கு மட்டும் நாங்கள் என்றுமே கஞ்சத்தனம் காட்டியதில்லை.

கூட்டங்கள் மாலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் புயலையும் மகாராஜாவையும் அடுத்த அறையில் அக்காதான் பார்த்துக்கொள்வார். அது வேலை நேரத்தில் சேராது. அவருடைய சொந்த நலனுக்காக நடக்கும் கூட்டத்துக்கு அவர் செய்யும் சிறு பங்களிப்பு, அவ்வளவுதான்.

சம்பளம் எவ்வளவு என்பது இரண்டே நிமிடத்தில் முடிந்தது. "ஒரு குழந்தைய பாத்தப்ப எவ்வளவோ, அதேதான். குழந்தைதான் ரெண்டாச்சு. அக்கா ஒருத்தர்தானே?" என்றார் ஆடிட்டர். தொழில் ஞானம் என்றால் அதுதான். அந்தத் தொகையை இரண்டு வீடும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதற்குத்தான் மூன்று கூட்டம் பிடித்தது.

"உங்க பையன் ஓடுறான். அக்கா பின்னாடியே ஓடணும். கால் தேய்மானம் முழுக்க உங்க கணக்கு" என்றார் ஆடிட்டர்.

"உங்க பையன நாள் முழுக்க இடுப்புல சுமக்கிறாங்க. இடுப்புத் தேய்மானம் யாரு கணக்கு?" என்று என் மனைவி திருப்பிக் கேட்டாள்.

"எங்க பிள்ளைக்குப் பல்லே கிடையாது. உங்க பிள்ளை கடிக்கிறான். அதையும் சேத்துக்கணும்" என்றார் பல் டாக்டர்.

தேய்மானம் ஒரு வழியாகச் சரிபாதி ஆனது. தேய்கிறவரிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் அடுத்த அறையில் வேலையாக இருந்தார்.

ஐந்தாவது கூட்டத்தில் 'ஒரே நேர அழுகை விதி' நிறைவேறியது. இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழுதால், ஒற்றைப்படைத் தேதிகளில் புயலை முதலில் தூக்க வேண்டும். இரட்டைப்படைத் தேதிகளில் மகாராஜாவை. "முப்பத்தொண்ணாந் தேதியும் ஒண்ணாந் தேதியும் அடுத்தடுத்து ஒத்தப்படை. அப்ப எம்பிள்ளை தொடர்ந்து ரெண்டு நாள் அழணுமா?" என்று பல் டாக்டர் கண் கலங்கினார். முப்பத்தொன்றாம் தேதி இருவரையும் சேர்த்துத் தூக்குவது என்று திருத்தம் கொண்டுவந்தேன். கைதட்டினார்கள். அடுத்த அறையில் அப்போது இருவரும் சேர்ந்துதான் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஆனால் எங்கள் மகுடத்தின் வைரம், விடுமுறைப் பிரிவு. சனிக்கிழமை மாடி வீட்டார் இருவரும் வீட்டில் இருப்பார்கள்; எனவே அவர்கள் சனிக்கிழமை விடுமுறை அளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டில் இருப்போம். எனவே நாங்கள் ஞாயிறு அளித்தோம். சனிக்கிழமை எங்கள் வீட்டில் வேலை, ஞாயிறு அவர்கள் வீட்டில். வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை! என் அலுவலகத்தில்கூட இதை நான் வாங்கித் தந்ததில்லை.

ஏழாவது கூட்டம் முடிந்து, ஏழு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிக்கொண்டிருந்தபோது, அக்கா மகாராஜாவை இடுப்பில் வைத்தபடி வந்து நின்றார்.

"சார், வர்ற சனிக்கிழமை காலைல எனக்கு டிரைவிங் டெஸ்ட். மூணு மணி நேரம் விட்டா போதும்."

"என்னக்கா, சனிக்கிழமைதான் உங்களுக்கு லீவாச்சே!"

"அது மாடி வீட்டு லீவு சார். அன்னைக்கு உங்க வீட்டுல வேலை."

"அப்ப ஞாயித்துக்கிழமை போங்களேன்."

"ஞாயித்துக்கிழமை டெஸ்ட் எடுக்கிற ஆபீஸ் லீவு சார்."

"பாத்தீங்களா? சர்க்கார் ஆபீசுக்கே ஒரு நாள்தான் லீவு. உங்களுக்கு ரெண்டு நாள்!" என்றேன். அந்த வாதத்தின் கூர்மை எனக்கே பிடித்திருந்தது.

அக்காவுக்கு அது பிடிபடவில்லை. "ஏற்கெனவே ரெண்டு தேதிய விட்டுட்டேன் சார். இதையும் விட்டா விண்ணப்பமே ரத்து. ஸ்கூல் வேன் ஓட்டுற வேலை ஒண்ணு சொல்லி வச்சிருக்காங்க. லைசென்ஸ் வந்தா திங்கக்கிழமையே சேந்துக்கலாம். இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

"எட்டாவது கூட்டத்துல வச்சுப் பேசுவோம்" என்றார் ஆடிட்டர்.

"நான் கேக்க வரல சார். சொல்லிட்டுப் போக வந்தேன்" என்று மகாராஜாவை ஆடிட்டர் மடியில் இறக்கிவிட்டு அக்கா தன் வீட்டுக்குப் போனார். மகாராஜா ஊரைக் கூட்டினான். ஒப்பந்தத்தின் ஐந்தாம் பக்கம் நனைந்தது.

சனிக்கிழமை வந்தது. எனக்கு அலுவலகத்தில் 'ஊழியரின் மனம் அறிவோம்' கருத்தரங்கு; சிறப்புரையே என்னுடையது. என் மனைவிக்கு வங்கியில் தணிக்கை. வேறு வழியில்லாமல் புயலை மாடி வீட்டில் விட்டோம். "ஒரு பிள்ளையோட ஒரு பிள்ளை, இதுல என்ன இருக்கு?" என்று ஆடிட்டர் தாராளமாகச் சொன்னார்.

ஐந்து மணி நேரம் கழித்து நாங்கள் மாடி ஏறியபோது கதவு திறந்தே கிடந்தது. ஆடிட்டர் சோபாவுக்கு அடியில் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி என்றார். அது மீன்தொட்டியில் கிடந்தது. பல் டாக்டரின் தலையில் மசித்த வாழைப்பழம். ஆள்காட்டி விரலில் கட்டு. கடித்தவன் திரைச்சீலையில் தொங்கிக்கொண்டிருந்தான். மகாராஜா, அரியணை கிடைக்காத ஆத்திரத்தில் தரையில் உருண்டுகொண்டிருந்தான்.

எட்டாவது கூட்டம் அங்கேயே, நின்றபடியே தொடங்கியது.

"இது சும்மா செய்யிற வேலை இல்ல" என்றார் பல் டாக்டர். "இதுக்கு நீங்க ஈடு குடுத்தே ஆகணும்."

"எவ்வளவு?" என்றேன்.

"அக்காவுக்கு ஒரு நாளைக்கு என்ன தர்றோமோ, அத எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குத் தாங்க" என்றார் ஆடிட்டர் சோபாவுக்கு அடியிலிருந்து. "அதுக்குக் கொறஞ்சா அநியாயம்."

அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஈவிரக்கம் உள்ளவன் பேரம் பேச மாட்டான். நாளைக்கு நாங்கள் மகாராஜாவைப் பார்த்துக்கொண்டால் எங்களுக்கும் அதே விகிதம் என்பதையும் யோசித்தேன். மூன்று நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது. ஏழு கூட்டங்கள் தேடிய நியாயமான ஊதியம் இதோ, கண்ணெதிரே!

அப்போது வாசலில் அக்கா நின்றார். கையில் தேர்ச்சிச் சீட்டு. முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸாயிட்டேன் சார். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க பேசினதும் காதுல விழுந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு அதுதான் நியாயம்னா, எனக்கும் அதையே போட்டுக் குடுங்க. வேன் வேலைய விட்டுட்டு இங்கயே இருக்கேன்."

ஆடிட்டர் எழுந்து, தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, எங்கள் அனைவரின் மனசாட்சியாகப் பேசினார்.

"அது எப்படிக்கா? நாங்க பழக்கமில்லாம கஷ்டப்பட்டோம். உங்களுக்குத்தான் பழகிப்போச்சே!"

அக்கா அவரை ஒரு முறை பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். "பழகிக்கங்க சார்" என்றார். "திங்கக்கிழமைலேந்து நான் வரல."

"ஒப்பந்தப்படி ஒரு மாசம் முன்னாடி சொல்லணுமே!" என்று நான் பதறினேன்.

"எந்த ஒப்பந்தம்?"

கீழே ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் அழகாக நான்கு கையெழுத்து. என்னுடையது, என் மனைவியுடையது, ஆடிட்டருடையது, பல் டாக்டருடையது. ஐந்தாவது கையெழுத்துக்கு நாங்கள் இடமே விடவில்லை. அக்கா அதைப் படித்துப் பார்க்கக்கூட இல்லை. திரைச்சீலையிலிருந்து புயலை இறக்கி, மகாராஜாவைத் தூக்கிப் பல் டாக்டரின் இடுப்பில் சரியாக உட்கார வைத்து, "இப்படிப் பிடிச்சா அழ மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கடைசிப் பாடத்துக்கும் அவர் காசு கேட்கவில்லை.

இப்போது நாங்கள் நால்வரும் முறை போட்டு விடுப்பு எடுக்கிறோம். என் மேலதிகாரி என்னை அழைத்து, அடிக்கடி விடுப்பு எடுக்கும் ஊழியர்களைக் கண்டித்து ஒரு சுற்றறிக்கை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

'அன்பு, பொறுமை, அனுபவம் உள்ளவர் தேவை. நியாயமான ஊதியம்' என்று விளம்பரமும் கொடுத்தோம். பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு பேரும் எடுத்த எடுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை வீடு, எந்தக் கிழமை லீவு என்று கேட்டார்கள். பதில் சொன்னதும் எழுந்து போனார்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது.

நியாயமான ஊதியம் எவ்வளவு என்பது எங்கள் நால்வருக்கும் இப்போது துல்லியமாகத் தெரியும். அது தெரியாத ஒருவர் உங்களுக்குத் தெரிந்து இருந்தால் தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.