நம்பிராஜனின் லா காலேஜ் விண்ணப்பத்தை நான் தாக்கல் செய்த விவரம்

தாராவி, பம்பாய்.
சர்வஜித்து வருஷம் ஆனி மாதம் 8-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

வீரவநல்லூர் மகா-ள-ள-ஸ்ரீ சொரிமுத்து அத்தான் அவர்கள் சமூகத்திற்கு, மைத்துனன் பிரம்மநாயகம் பணிவாகக் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கே நான், சண்முகவடிவு, குழந்தைகள் எல்லோரும் ஒருவர் நீங்கலாகப் பரிபூரண சௌக்கியம். அந்த ஒருவர் உங்கள் மகன் நம்பிராஜன். மலேரியா. பதற வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளிர் வருகிறது. வராத நாளில் ராஜா மாதிரி இருக்கிறான். முப்பிடாதி அக்காளிடம் ஜலதோஷம் என்று சொன்னால் போதும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. விண்ணப்பம் போட்டாயிற்றா என்று நாலு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இந்த வருஷம் லா காலேஜில் இடம் கிடைக்காவிட்டால் பையனை ஊருக்கு வரவழைத்து, அரிசி மில்லில் உட்காரவைத்து, தை மாதம் கல்யாணத்தையும் முடித்துவிடுவேன் என்று எழுதியதை நம்பி படித்துவிட்டான். அன்று வந்த குளிர் மலேரியாவால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் போகப் போகிறானே, போகும்போது சட்டத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் வக்கீலுக்குப் படித்து என்ன பிரயோஜனம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதை மிகப் பெரிய இடத்தில் விசாரித்தேன். மாதுங்காவில் அனந்தநாராயணன் என்று பாலக்காட்டு ஐயர், கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க், என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்யமாட்டார். சட்டம் இங்கேயேதான் இருக்குமாம், வெள்ளைக்காரன் மட்டும்தான் போகிறானாம். அந்தக் கவலையை விட்டுவிடவும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. பம்பாயில் சேர மதராஸ் யூனிவர்ஸிடியிலிருந்து வரவேண்டிய அனுமதிப் பத்திரமோ வரக்காணோம். ஒரு வாரம் தபாலாபீஸ் வாசலிலேயே நின்றேன். தபால்காரன் என்னைக் கண்டால் வேறு சந்து வழியாகப் போக ஆரம்பித்தான். வியாழக்கிழமை மத்தியானம் பத்திரம் வந்தது, அதே நேரம் நம்பிக்குக் குளிரும் வந்தது. நாலு போர்வை போர்த்தி, மேலே நான் உட்கார்ந்தும் கட்டில் ஆடுகிறது. பேனாவைக் கொடுத்தால் கையெழுத்துக்குப் பதிலாக ஏதோ பூரான் ஊர்ந்த மாதிரி வருகிறது. சரி, கீழே ஒரு கையெழுத்து ஆயிற்று, மற்றதை மாமன் பார்த்துக்கொள்கிறேன் என்று விண்ணப்ப பாரத்தை வாங்கிக்கொண்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று நீங்கள் நினைக்கலாம். இருபத்தோரு வருஷமாகத் தோல் ஷாப்பில் கட்டுகளுக்கு மார்க்கு எழுதுகிறவன் நான். இருபத்தாறு பெரிய எழுத்தும் எனக்கு அத்துபடி. முதலாளி ஜெயினுலாப்தீன் ராவுத்தர், லண்டனில் என் எழுத்தைப் பார்த்துத்தான் சரக்கை இறக்குகிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அல்லது சொல்கிற மாதிரி பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அனந்தநாராயணன் ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நான் உட்கார்ந்து கறுப்பு மையில் பூர்த்தி செய்தேன். முதல் வரி, விண்ணப்பம் செய்பவர் பெயர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் சாலில் (இங்கே வரிசை வீடுகளுக்கு அப்படிப் பெயர்) ரேஷன் கார்டாகட்டும், குடியிருக்கிற ரூமாகட்டும், குழாய்த் தண்ணீர் முறையாகட்டும், வீட்டுக்குப் பெரியவன் பெயரில்தான் மனு. மற்றவர்கள் கீழே வருவார்கள். நம்பிக்கு ரேஷன் அரிசி வருவதே ஏழாவது ஆளாக என் பெயரில்தான். ஆகவே பிரம்மநாயகம் என்று எழுதினேன். வயது ஐம்பத்திரண்டு. நம்பியின் வயது இருபத்திரண்டை எழுதினால் எவன் மதிப்பான்? விவாகமானவர், நாலு குழந்தைகள். தகப்பனார் காலமானார் என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் திடுக்கிட வேண்டாம், அது என் தகப்பனார். மற்றவர்கள் பெயர் எழுத இடம் தேடினேன், காணோம். காலேஜ்காரர்கள் மறந்திருப்பார்கள் என்று ஓரத்தில் நம்பிராஜன் என்று பொடியாக எழுதி, அவன் பி.ஏ. பத்திரங்களை எல்லாம் பின்னால் கோத்துவிட்டேன். பென்சில் எழுத்தையும் அழித்துச் சுத்தம் செய்தேன். சண்முகவடிவு, "அவன்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டுக் கொண்டு போங்களேன்" என்றாள். காய்ச்சல்காரனை எழுப்பக்கூடாது என்று அடக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மழை, நம்பி நனையக்கூடாது என்று அவன் விழிக்குமுன் நானே கிளம்பினேன். பம்பாய் மழை உங்களுக்குத் தெரியாது, மேலிருந்து மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பெய்யும். பத்திரங்கள் நனைந்தால் பையன் கதி அரிசி மில்தான். ஷாப்பிலிருந்து புதிதாகப் பதனிட்ட ஒரு முழு ஆட்டுத் தோலை எடுத்து எல்லாவற்றையும் சுற்றிக் கட்டினேன். சயான் ஸ்டேஷனில் லோக்கல் ஏறினால் நிற்க இடமில்லாத வண்டியில் என்னைச் சுற்றி ஆறு பேர் மரியாதையாக எழுந்து இடம் விட்டார்கள். காலேஜிலும் அப்படியே. குமாஸ்தா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்தே நின்றார். பாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாரத்தைப் பார்த்தார். படிக்கப் போவது யார் என்று ஹிந்துஸ்தானியில் கேட்டார். விட்டுக்கொடுக்கலாமா? "ஹம் லோக்", அதாவது நாங்கள் எல்லோரும்தான், என்றேன். மனிதர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

ஆகவே அத்தான், காரியம் பழமாக முடிந்தது. தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை. அக்காளுக்கு என் நமஸ்காரம். வீட்டில் சின்னவர்களுக்கு ஆயுசும் படிப்பும் பெருக என் ஆசிகள். நம்பி வக்கீலானதும் அம்பாசமுத்திரம் கோர்ட்டில் அவன் பேசுவதைக் கேட்க முன்வரிசையில் நாம் இருவரும் உட்கார, தாயார் மரகதாம்பிகை அருள்வாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
பிரம்மநாயகம்

பின்குறிப்பு: ஆனி 10-ந் தேதி, செவ்வாய். ஞாயிறு தபாலாபீஸ் பூட்டு, நேற்று மறந்துவிட்டேன், நல்லதாயிற்று. மேலே எழுதியதில் நம்பியின் காய்ச்சல் தவிர மற்றதை நம்ப வேண்டாம். நேற்று சாயங்காலம் காலேஜிலிருந்து கார்டு வந்தது: பிரம்மநாயகம் பி.ஏ. நேரில் வந்து பிரின்ஸிபாலைக் காணவும் என்று. நம்பி படித்துவிட்டு, "மாமா, என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியளே" என்றான். அனந்தநாராயணன், "என்ன காரியம் ஓய் பண்ணி வெச்சிருக்கேர், வயசாவது அவனோடதைப் போட்டிருக்கப்படாதா" என்று தலையில் கைவைத்துக்கொண்டு, ஆபீஸுக்கு லீவு போட்டு, இன்று எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

பிரின்ஸிபால் ஒரு பார்ஸிக்காரர். கடைசித் தேதி போய்விட்டது, பாரத்தில் இருப்பது வேறு ஆள், இதை உன் விண்ணப்பம் என்று நான் ஏன் ஏற்கவேண்டும், அதைச் சொல் பார்ப்போம் என்று நம்பியைக் கேட்டாராம். நேற்றுத்தான் குளிர் வந்து படுத்த உடம்பு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை எழுந்து நின்றான். அரை மணி நேரம் இங்கிலீஷ். பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான், கீழே இருந்த தன் கையெழுத்தைக் காட்டினான், கடைசியில் என்னைக் காட்டினான். பிரின்ஸிபால் என் பக்கம் திரும்பி, உமக்குச் சட்டம் படிக்கும் உத்தேசம் உண்டா என்று ஐயர் மூலமாகக் கேட்டார். காலேஜுக்குத் தேவை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். மேஜையைத் தட்டிச் சிரித்துவிட்டு, சிவப்பு மையால் என் பெயரை அடித்து நம்பிராஜன் என்று எழுதி, இடம் கொடுத்துவிட்டார்.

நம்பி வாதாடி ஜெயித்த முதல் கேஸ் இது, அத்தான். எதிரி நான். அந்த அரை மணியில் என் பெயர் பதினோரு தடவை வந்தது, எண்ணினேன். என்ன சொன்னான் என்று ஐயரைக் கேட்டால், வேண்டாம் ஓய் என்கிறார்.