கல்யாண விருந்தில் பாடின பாட்டு விஷயமாக

சகாதா
ஷோவா 62 (1987), நவம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளை மொரிஹிகோவுக்கு, உங்கள் மைத்துனன் யசுகிச்சி தலைதாழ்த்தி எழுதுவது. இங்கே கடல்காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. என் சைக்கிள் கடையும் முதுகுவலியும் நலம். நீங்களும் என் தங்கை ஃபுசாயேயும் நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அதைக் கெடுத்தவனே நான்தான்.

உங்கள் பெண் சனாயேயின் கல்யாண விருந்தில் நான் பாடியபோது நீங்கள் மேஜைக்கடியில் தலையை விட்டுக்கொண்டீர்கள், பாதிதான் பார்த்திருப்பீர்கள், ஆகவே முழுவதும் எழுதுகிறேன். தாய்மாமன் பாடணும் என்று மைக்கை நீட்டினார்கள். எனக்கு முழுசாக வருவது மிசுசாவா ருரிகோவின் ‘மழையில் விட்ட குடை’ ஒன்றுதான், ஆறு மாதமாக மீன்கடையிலும் பல் டாக்டரிடமும் அந்த இசைத்தட்டுதானே சுற்றுகிறது. கல்யாணத்தில் பிரிவது, அறுவது, திரும்பிப் போவது என்று பேசக்கூடாதென்று எனக்கும் தெரியும், கேக்கைக்கூட ‘வெட்டினார்கள்’ என்னாமல் ‘கத்தி இறக்கினார்கள்’ என்கிற இடம் அது. ஆனால் பாதிப் பாட்டில்தான் உறைத்தது. சமாளித்தேன். ‘பிரிந்து போவோம்’ வந்த இடத்தில் ‘சேர்ந்து போவோம்’ என்றேன். ‘உன் முகம் இனி வேண்டாம்’ என்பதை ‘உன் முகம் இன்னும் வேண்டும்’ ஆக்கினேன். என் முதுகுக்குப் பின்னால் கரோக்கித் திரையில் பாட்டின் அசல் வார்த்தைகள் ஆள் உயரத்துக்கு ஓடியதை யார் கண்டது? படத்தில் ஒரு பெண் மோதிரத்தைக் கழற்றிக் கடலில் எறிந்தாள். நூற்றிருபது பேரும் அது மூழ்கும்வரை பார்த்தார்கள்.

பையனின் அம்மா தோகாஷி அம்மாள் எழுந்து போனதுதான் தெரியும். மறுநாள் நகர அலுவலகத்தில் கொடுக்கவேண்டிய கல்யாணப் பதிவுப் படிவத்தை, நீங்களும் நானும் சாட்சி முத்திரை குத்தியதை, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பத்து நாளாக நம் சனாயே புருஷன் வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஃபுசாயே போனில் அழுகிறாள். எனவே நேற்று இனிப்புப் பெட்டியோடு போனேன்.

“என்ன, பாட வந்தீங்களா?” என்றார் தோகாஷி அம்மாள்.

“மன்னிப்புக் கேக்க வந்தேங்க சம்பந்தியம்மா. அபசகுனமா நாலு வார்த்தை...”

“சகுனம் கிடக்குது. அது என் பாட்டுய்யா!”

“ஐயோ, எழுதினது நீங்களா?”

“மூணு மாசம் வாத்தியார் வச்சுப் பழகினேன். உங்களுக்கு அடுத்துப் பாட இருந்தது நான்தான். ஒருத்தர் பாடினதையே அதே சபையில இன்னொருத்தர் பாடினா நாலு பேர் காறித் துப்ப மாட்டாங்களா? இதுக்குன்னே கிமோனோ தைச்சேன். அதுல நீங்க ரெண்டாவது சரணத்தை வேற கொலை பண்ணிட்டீங்க.”

“அதே பாட்டா? பெத்த பிள்ளை கல்யாணத்துலயா?”

“நான் முன்னாடியே வார்த்தையை மாத்தி வச்சிருந்தேன். உங்களை மாதிரி நின்ன இடத்துல திணறல.”

அவரைப் பாடச் சொன்னேன். கிமோனோவைக் கட்டிக்கொண்டு வந்து பாடினார். கைதட்டினேன். மறுபடி பாடினார். ஐந்தாம் தடவை சனாயேயும் சேர்ந்துகொண்டாள். மருமகளுக்கு நல்ல குரல் என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். பிறகு அலமாரியைத் திறந்து, “நாளைக்கு நல்ல நாள், நீங்களே குடுத்துடுங்க” என்று படிவத்தை மேஜைமேல் வைத்தார். நான் கொலை பண்ணின ரெண்டாவது சரணத்தின் அசல் வார்த்தைகளையும் சொல்லித் தந்தார், கைக்குக் கிடைத்த காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆகவே கவலை தீர்ந்தது. தங்கையைக் கண்ணைத் துடைக்கச் சொல்லுங்கள். நீங்களும் மேஜைக்கடியிலிருந்து வெளியே வரலாம். பிள்ளைகள் இருவரும் நீண்ட காலம் ஒன்றாக வாழட்டும்.

அன்புடன்,
யசுகிச்சி

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் அலுவலகத்துக்குப் போய்வந்துவிட்டேன். அங்கிருந்தவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். சம்பந்தியம்மா சொல்லச் சொல்ல அசல் ரெண்டாவது சரணத்தை நான் எழுதிக்கொண்ட காகிதம் அதுதான் போலிருக்கிறது. ‘பிரிந்து போவோம்’ தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்துவிட்டு, விவாகரத்துக்கு அடுத்த ஜன்னல் என்று மரியாதையாகச் சொன்னார். புதுப் படிவம் இத்துடன் இருக்கிறது, முத்திரை குத்தி உடனே அனுப்பவும். சம்பந்தியம்மாளுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் பெண்ணைப் பெற்றவர். நீங்கள் சொன்னால்தான் பொருத்தமாக இருக்கும்.