உங்க தம்பி கட்டைப் பிரிக்க விடமாட்டேங்கிறாரு, மதினி

திண்டுக்கல்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

மதிப்பிற்குரிய அன்னாள் மதினி அவர்களுக்கு,

தங்கள் தம்பி மனைவி ஐரின் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் பிள்ளைகளும் நலம். தங்கள் தம்பியும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பூசைக்குப் போய்வந்த கையால் பொய் எழுத வரவில்லை. தாங்களும் அண்ணனும் வத்தலக்குண்டில் சுகமாக இருக்க மாதாவிடம் மன்றாடுகிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நான் உங்களோடு பேச ஆரம்பித்தாலே அவர் போனைப் பிடுங்கி, "எல்லாம் சரியாப் போச்சுக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். எதுவும் சரியாகப் போகவில்லை மதினி. அதனால் பக்கத்து வீட்டுச் சிவனம்மாள் நாளைக் காலை உங்கள் ஊருக்கு வருகிறாள் என்றதும் அவள் கையில் கொடுத்துவிட இதை எழுதுகிறேன்.

பித்தப்பையில் கல் என்று வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்ததும், விலாவுக்குக் கீழே தையல் போட்டதும் தாங்கள் அறிந்ததே. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். கட்டு நனையக் கூடாது, நர்ஸைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கிட்டப் போகக் கூடாது, இவருக்குச் சுகர் வேறு இருக்கிறது, சீழ் பிடித்தால் லேசில் ஆறாது என்றார். இவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் ஜவுளிக்கடையில் வயசெல்லாம் சேலையை விரிச்சு விரிச்சுக் காட்டிப் பழகின மனுஷன் மதினி, ஒரு பொருளை மூடி வச்சுக்கிட்டு இவரால உக்கார முடியுமா? பாக்க வந்தவங்க "எப்படி இருக்கீங்க"ன்னு வாசல்ல கேக்குறதுக்கு முன்னாடியே சட்டையைத் தூக்கி, பிளாஸ்டரை ஒரு ஓரமாப் பிரிச்சு, "பாருங்க, உள்ள வந்து பாருங்க, வெளிச்சத்துல பாருங்க"ங்கிறாரு. கூட வேலை பாக்குற கிதர் முகம்மது அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோட வந்தாரு. ரத்தத்தைக் கண்டாலே அவருக்கு மயக்கம் வரும். "வேணாம் ஆண்டனி, மூடுப்பா"ன்னு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. இவரு விடலையே! "சும்மா பாருங்க பாய், பாக்குறதுக்குக் காசா?"ன்னு தோளைப் புடிச்சுத் திருப்பி, அந்தக் கையாலயே பிளாஸ்டரை ஒட்டுனாரு. கடைசியில கிதர் அண்ணனுக்குத்தான் நான் தண்ணி தெளிச்சு விசிற வேண்டியதாப் போச்சு.

அடுத்தது சொல்லச் சங்கடமா இருக்கு, கோவிச்சுக்காதீங்க. நீங்க வேன் நெறைய ஆள்களோட வந்தப்ப, நல்ல மனசோட ஒரு பொட்டலம் மஞ்சப்பொடி குடுத்துட்டுப் போனீங்கள்ல, வெந்நியில போட்டுக் குடிக்கத்தான் குடுத்தீங்கன்னு நான் நெனச்சேன். இவரு அதைக் கட்டுக்குள்ள தூவிட்டாரு! கேட்டா, "அக்கா சொன்னுச்சு"ங்கிறாரு. நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். தினமும் கட்டு மாத்த வர்ற நர்ஸ் ரீனா பிரிச்சுப் பாத்துட்டு, "இது என்னக்கா, காயமா, மீன் கொழம்பா?"ன்னு என்னையக் கேக்குது. நான் எங்க போயி முட்டிக்க?

ரெண்டு நாள்ல தையலைச் சுத்திச் செவந்து வீங்கிருச்சு. கையை வச்சா அனலாக் கொதிக்குது. "காய்ச்சலா?"ன்னு கேட்டா, "வெயிலு"ங்கிறாரு. அன்னைக்குப் பாத்து இந்தச் சிவனம்மா சுகம் கேட்டு வந்தா. வழக்கம்போலத் தூக்கிக் காட்டுனாரு. அவ முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, "அய்யய்யோ அண்ணே, என்ன இப்படி நாறுது!"ன்னு பின்னாலயே நகந்து போயி வாசப்படியில இடிச்சுக்கிட்டா. அதுக்கப்புறம்தான் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். டாக்டர் தையல்ல கொஞ்சத்தைப் பிரிச்சுச் சீழை வெளியேத்திக் கழுவி, குழியில துணியைத் திணிச்சுக் கட்டுப் போட்டாரு. "யாரு இதைத் திறந்தது?"ன்னு அதட்டுனாரு. உங்க தம்பி ஒரு விரலை நீட்டி என்னையக் காட்டுறாரு மதினி! டாக்டர்கிட்ட அம்புட்டுப் பேச்சும் நான்தான் வாங்குனேன்.

சரி, இனிமேலாவது அடங்குவாருன்னு பாத்தா, இப்ப நேர்மாறாத் திரும்பிட்டாரு. சிவனம்மா மூக்கைப் பொத்துனது மனுஷனைக் குத்திருச்சு. யாருக்கும் காட்டமாட்டேங்கிறாரு. யாருக்கும்னா, ரீனாவுக்கும்தான். உள்ள திணிச்ச துணியைத் தினமும் மாத்தணும், ஊறிப்போனது அப்படியே கெடந்தா மறுபடி சீழ் புடிக்கும்னு அந்தப் பொண்ணு கெஞ்சுது. இவரு பனியன், அதுக்கு மேல சட்டை, அதுக்கும் மேல கொடைக்கானலுக்கு வாங்குன ஸ்வெட்டரு, இந்தத் திண்டுக்கல் வெயில்ல! வேர்த்து ஊத்துது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் குளியலறைக்குள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுக்கிறாரு. நேத்தும் முந்தாநாளும் ரீனா வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு.

நேத்து மத்தியானம் சோறு வைக்கிறப்ப எனக்குப் பொறுக்கல. "உங்களுக்கு என்னதான் வேணும்? செத்துப்போயி என்னையத் தவிக்க விடணுமா?"ன்னு கத்திட்டேன். அவரு சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு. நிமிராமலே, "ஐரினு, பிரிச்சா உள்ள அழுகிப் போயிருந்தா என்ன பண்ண? எனக்குப் பாக்கப் பயமா இருக்கு"ன்னாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவரு வாயில இருந்து பயம்னு ஒரு சொல் நான் கேட்டதில்ல மதினி. எனக்கும் அதே பயந்தான்னு சொல்ல முடியுமா? "கொழம்பு ஊத்தவா"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

அதனால ஒங்க கையைப் புடிச்சுக் கேக்குறேன், இதைப் படிச்ச கையோட பஸ் ஏறி வாங்க. நீங்க ஒரு அதட்டுப் போட்டா அடங்கிருவாரு. தனியா வாங்க, வேன் வேண்டாம். எண்ணெய், பச்சிலை, பொடி எதுவும் வேண்டாம். வந்ததும் கையைக் கழுவுங்க. கட்டில்ல உக்காராதீங்க, நாற்காலி போட்டு வச்சிருக்கேன். அவரு எதையாவது காட்டுனா, தயவுசெய்து பாக்காதீங்க.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை வரைந்து என் முத்தங்களைக் கொடுக்கவும். நம் குடும்பத்துக்கு மாதா துணையிருப்பாளாக.

தங்கள் அன்புக்குரிய,
ஐரின்

பி.கு.: திங்கள் காலை. சிவனம்மா பையோட வாசல்ல நிக்கிறா, அவசரமா எழுதுறேன். வரவேண்டாம் மதினி. ரீனா வெள்ளனவே வந்து குளியலறைக் கதவு கிட்ட நின்னுக்கிட்டு, "சார், ஒரே ஒரு தடவை பிரிச்சுக் காட்டுங்க, புடிக்கலைன்னா மூடிருவோம்"னுச்சு. தாழ்ப்பாள் திறக்குற சத்தம் கேட்டுச்சு. ரீனா கட்டைப் பிரிச்சுப் பாத்தா, சீழ் இல்ல, நாத்தம் இல்ல, குழியில புதுச் சதை ரோஜாப்பூ நெறத்துல ஏறி வருது. மாதாவே! நான் சிவனம்மாவைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து காட்டுனேன். கிதர் அண்ணனுக்கும் வீடியோவுல காட்டுனேன், பாவம், படுத்துட்டாராம். சிவனம்மா போன்ல போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், உங்க தெருவுல எல்லாருக்கும் காட்டுங்க, நல்லாப் பெருசாக்கிக் காட்டுங்க. உங்க தம்பிதான் உள்ள இருந்து கத்துறாரு: "ஏ ஐரினு, மூடுடி! போறவ வர்றவளுக்கெல்லாம் காட்டிக்கிட்டு!"