மரத்துப்போன தாய்மாமன்

படித்தது பரீட்சைக்கு உதவும், பத்திரிகை வைக்க உதவாது என்பதற்கு நானே சாட்சி.

அப்போது எம்.எஸ்சி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் கல்யாணம். கறம்பக்குடியில் இருக்கும் தாய்மாமாவை அழைக்க அம்மாதான் போக வேண்டும். காலில் சுளுக்கு என்பதால் வெற்றிலை பாக்குத் தட்டோடு என்னை அனுப்பினார். (அம்மா வாழ்க்கையில் செய்த இரண்டாவது தவறு. முதலாவது, என்னைப் பெற்றது.)

மறுநாள் எனக்கு செமினார். நோய் எதிர்ப்புச் செல்கள் எப்படித் தொட்டுப் பேசிக்கொள்கின்றன என்பது தலைப்பு. பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். கிருமியின் துண்டை ஏந்திவரும் செல், டி செல் என்ற படைவீரனை ஒட்டிநின்று அதைக் காட்ட வேண்டும். காட்டினால் மட்டும் போதாது. இன்னொரு கையாலும் பிடித்து 'எழுந்து வா' என்று அழைக்க வேண்டும்; அதுதான் இரண்டாவது சிக்னல். அழைக்காவிட்டால் டி செல் மரத்துப்போகும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் அசையாது.

போனால், மாமா குளித்துக்கொண்டிருந்தார். அத்தை கடலைக் காட்டுக்குப் போயிருந்தார். திரும்பும் பஸ் ஹார்ன் அடித்தது. "மாமா, பத்திரிகை வச்சுட்டேன்!" என்று குளியலறைக் கதவைப் பார்த்துக் கத்தி, தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினேன். செமினாரில் சபாஷ் வாங்கினேன்.

கல்யாணத்தன்று ஆலங்குடி மண்டபத்தில் மாமாவைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். அவர் மாலை போடாமல் அக்கா மணமேடை ஏற முடியாது. அம்மா போன் போட்டார்.

"பத்திரிகை வந்துச்சு தங்கச்சி. கூப்புட ஆளு வரலையே" என்றார் மாமா.

அக்கா அழ ஆரம்பித்தாள். நான் பைக்கில் பறந்தேன். மரத்துப்போனது லேசில் எழாது என்று செமினாரில் அடித்துச் சொன்னவனே நான்தானே!

மாமா பட்டு வேட்டி கட்டி, மாலையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"விடிஞ்சதுலேர்ந்து இப்படித்தான் ஒக்காந்திருக்காரு. சீக்கிரம் கூப்புட்டுத் தொலைங்க மாப்ளே" என்றார், ஏற்கெனவே காரில் ஏறி உட்கார்ந்துவிட்ட அத்தை.

மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்தேன். பதற்றத்தில் பாடம்தான் வாயில் வந்தது. "மாமா, நீங்கதான் டி செல்லு. ரெண்டாவது சிக்னல நான் குடுக்கல!"

மாமா அத்தையைப் பார்த்தார். "இவன் என்னையக் கூப்புடுறானா, வையுறானா?"

"கூப்புடுறேன் மாமா! குடும்பத்தோட வாங்க!"

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா?" என்று எழுந்தவரைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகூர்த்தம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது அக்கா கழுத்தில் மாலை விழுந்தது.

இன்று கல்லூரியில் நான் நடத்துவதும் அதே பாடம்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமா என் தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்துவார்: "ஒடம்புக்குள்ள ரெண்டு செல்லு எப்படிப் பேசிக்குதுன்னு வகுப்பெடுக்குறான் நம்ம மாப்ள. ஒரு மாமனக் கூப்புட மட்டும் ரெண்டு தடவ கறம்பக்குடி வரணும் இவனுக்கு."