சான்றுப்பொருள் ஏழின் கருகல் சுவை

மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்த புகைப்பொருள் தடுப்பு உப பணிமனையின் களஞ்சியப் பொறுப்பாளர் சுபாகரன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை தன் மேசைக்கு வந்த கோவையிலிருந்த கடிதத்தை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார். பணிப்பாளர் நல்லரத்தினம் கைப்பட எழுதியிருந்தார்: "சான்றுப்பொருள் ஏழில் கருகல் சுவை அவதானிக்கப்பட்டுள்ளது. சான்றுப்பொருட்கள் கைப்பற்றப்பட்ட நிலையிலேயே பேணப்பட வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. பதினான்கு நாட்களுக்குள் குறை நீக்கப்படாவிடின், பொறுப்பாளர் வெல்லாவெளிக்கு இடமாற்றப்படுவார்."

சான்றுப்பொருள் ஏழு என்பது ஒரு மின்சிகரெட். உன்னிச்சையைச் சேர்ந்த அழகரத்தினம் என்ற கமக்காரரிடம் பிடித்தது. மாமா பீடியை விடட்டும் என்று டோகாவிலிருந்து மருமகன் அனுப்பியிருந்தார். வயல் வட்டைக்குள் நின்று அவர் இழுத்தபோது உத்தியோகத்தர்கள் கண்டு, பறிமுதல் செய்து, "நிறம் நீலம், நீளம் அரைச்சாண், மணம் மாம்பழம்" என்று அறிக்கை எழுதி, அலுமாரியில் பூட்டினார்கள்.

சுபாகரன் பீடியோ சுருட்டோ வாயில் வைத்தறியாத மனிதர். பூட்டிய அலுமாரிக்குள் கிடக்கும் பொருளின் சுவை பணிப்பாளருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அவருக்கும் வந்ததுதான். ஆனால் பணிப்பாளரைப் பற்றிய கேள்விகளைப் பணிப்பாளர் ஊடாகவே அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. ஆகவே கேள்வியை விழுங்கிவிட்டு, சான்றுப்பொருளைக் கடித உறையில் போட்டுக்கொண்டு நாவற்குடாவுக்குப் போனார்.

அங்கே உசாந்தி கைத்தொலைபேசியோடு இப்படியான சாமான்களும் திருத்தும் கடை வைத்திருந்தாள். உறையைப் பிரித்து, பொருளைக் கழற்றி, உள்ளேயிருந்த ஒரு சின்ன உலோகக் குழாயை வெளியே எடுத்து மூக்கருகே பிடித்தாள். முகத்தைச் சுளித்தாள். இதற்குள் கொயில் என்று ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது, அதைச் சுற்றிப் பஞ்சு இருக்கிறது, பஞ்சு எப்போதும் திரவத்தில் ஊறியிருக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினாள். ஓய்வில்லாமல் இழுத்தால் பஞ்சு ஊற நேரமில்லாமல் காய்ந்துபோகும், சூடான கம்பி பஞ்சைக் கருக்கிவிடும்.

"ஆரண்ணன் இத இப்பிடி இழுக்கிற?"

"ஒருத்தருமில்ல தங்கச்சி. அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு."

"அப்ப அலுமாரிதான் இழுக்குது," என்றாள் உசாந்தி.

புதுக் கொயில் போட்டாள். பஞ்சில் நாலைந்து துளி விட்டாள். அறிக்கையில் கண்டபடி மாம்பழத் திரவத்தை நிரப்பினாள். பிறகு கால்மணித்தியாலம் அதைத் தொடக்கூடாது என்று சொல்லி மேசையில் நிறுத்தி வைத்தாள். பஞ்சு ஊறும்வரை சுபாகரன் வாங்கில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சேவைக்காலத்தில் ஒரு அரசாங்க அலுவல் இவ்வளவு கெதியாக முடிந்ததை அவர் கண்டதில்லை. பற்றுச்சீட்டில் உசாந்தி எழுதிக் கொடுத்தாள்: "குறைக்கான காரணம்: ஓயாமல் இழுத்தது."

பணிப்பாளர் அந்த வரியைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்தார். பூட்டப்பட்ட பொருளை யாரும் இழுக்க முடியாது, ஆகவே யாரும் இழுக்கவில்லை, ஆகவே காரணம் வேறு என்றார். சற்று நேரம் யன்னல் வழியே வாவியைப் பார்த்தார். வாவிக் காற்றின் ஈரப்பதன் என்று திருத்தி எழுதும்படி பணித்தார்.

"ஈரத்தால கருகுமா சேர்?" என்று சுபாகரன் மெல்லக் கேட்டார்.

"அதுதான் ஆராயப்பட வேண்டிய விடயம்."

ஆராய்வதற்கு ஐவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. தலைவர் பணிப்பாளர். குழு தினமும் காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றுக்கும் கூடி, ஆளுக்கு மூன்று இழுவை இழுத்து, சுவையின் நிலையைப் பதிவு செய்ய வேண்டும். அலுமாரிப் பூட்டுக்கு ஐந்து திறப்புகள் வெட்டப்பட்டு ஆளுக்கொன்று கொடுக்கப்பட்டன. வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது: கருகல் சுவை மீண்டும் அவதானிக்கப்பட்டுள்ளது. வாவிக் காற்று பற்றிய பணிப்பாளரின் கருத்து இதனால் உறுதியாகிறது.

சுபாகரன் மறுபடியும் நாவற்குடாவுக்குப் போனார். அடுத்த வாரமும் போனார். ஒவ்வொரு தடவையும் உசாந்தி கொயிலை மாற்றி, ஒரு இழுவைக்கும் அடுத்த இழுவைக்கும் இடையில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அவர் யாரிடம் சொல்வது? யாரும்தான் இழுக்கவில்லையே; குழு ஆராயத்தான் செய்தது.

கந்தோரில் இதனால் நல்ல மாற்றங்களும் ஏற்பட்டன. ஒன்பதரைக்கு முன் வந்தறியாத உத்தியோகத்தர்கள் எட்டு மணிக்கே கையெழுத்து வைத்தார்கள். லீவு எடுப்பது நின்றுபோனது. காலையும் பின்னேரமும் போதாமல், விசேட அமர்வு, அவசர அமர்வு, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வு என்று குழு ஓயாமல் உழைத்தது. பொருள் தொலைந்துவிடக்கூடாது என்பதற்காகப் பணிப்பாளர் அதை அடையாள அட்டை நாடாவில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அது அவருக்குப் பொருத்தமாகவும் இருந்தது. மற்ற நாலு பேரும் ஒப்பீட்டு ஆய்வுக்கென்று ஆளுக்கொன்று வரவழைத்தார்கள். சிவப்பா வெள்ளியா எது வெள்ளைச் சேட்டுக்கு எடுப்பு என்பது குறித்தும் ஒரு அமர்வு நடந்தது. சுவரில் தொங்கிய "புகைத்தல் உயிரைக் குடிக்கும்" என்ற விளம்பரப் பலகை மாம்பழப் புகைக்குள் மங்கலாகத் தெரிந்தது.

அழகரத்தினம் கிழமைக்கு ஒரு தடவை உன்னிச்சையிலிருந்து பஸ் ஏறி வந்துபோனார். தண்டத்தைக் கட்டிவிட்டு அலுவலை முடிக்க வேண்டும், விதைப்பு வரப்போகிறது என்பதுதான் அவர் கேட்டது. பொருள் பழைய சுவைக்குத் திரும்பாமல் வழக்குப் போட முடியாது என்று அவருக்கு விளக்கப்பட்டது. இப்படி மூன்று மாதம் போயிற்று.

ஒருநாள் குழுவில் ஒரு சங்கடம் எழுந்தது. பழைய சுவை எது என்று யாருக்குத் தெரியும்? வழக்கின் எதிரியான அழகரத்தினத்துக்கு மட்டும்தான். ஆகவே எதிரியை நிபுணராக அழைத்தார்கள். அழகரத்தினத்தைப் பணிப்பாளரின் கதிரையிலேயே இருத்தி, மின்விசிறியைப் போட்டு, பொருளை இரண்டு கையாலும் நீட்டினார்கள். அவர் ஒரு தடவை இழுத்து, இருமி, திருப்பிக் கொடுத்தார்.

"இது மாம்பழம் சேர். என்ட சாமான் அன்னாசி."

பதிவேடுகள் புரட்டப்பட்டன. பிடித்த உத்தியோகத்தருக்கு அன்று கடுமையான தடிமன், மூக்கடைப்பு என்பது தெரியவந்தது. ஆனாலும் எழுத்திலுள்ளது எழுத்திலுள்ளதுதான். பொருள் மாம்பழம், எதிரியுடையது அன்னாசி, ஆகவே இது எதிரியின் பொருளல்ல. தங்களுடையதல்லாத பொருளைத் தங்களிடம் கைப்பற்றியமைக்கு வருந்துகிறோம் என்று அழகரத்தினத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். அவர் அதை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, இப்போது பீடியும் இல்லை என்றார். கிழமைக்குக் கிழமை இந்தக் கந்தோருக்கு அலைந்ததில் புகைக்க நேரம் கிடைக்கவில்லையாம். புகைத்தலை விட்டவர் தொகை ஒன்று என்று பணிமனையின் ஆண்டறிக்கையில் பெருமையோடு சேர்க்கப்பட்டது.

அவர் போனபின் மிஞ்சியது பொருள். எதிரியில்லாத சான்றுப்பொருளைச் சட்டம் அனுமதிக்காது. இது யாருடைய வசம் இருந்தது என்று பேரேட்டில் பார்த்தார்கள். மூன்று மாதமாக ஒரே கையெழுத்து: சுபாகரன்.

விசாரணை அன்றைக்கே நடந்தது. ஐவரும் மேசைக்கு அந்தப் பக்கம், சுபாகரன் இந்தப் பக்கம். தன் வாழ்நாளில் இழுத்ததில்லை என்று அவர் சொன்னார். இழுக்கத் தெரியாதவர் என்பதை நிரூபிக்க ஒரே வழி இழுத்துக் காட்டுவதுதான் என்று குழு தீர்மானித்தது. பணிப்பாளர் நாடாவைக் கழற்றிக் கொடுத்தார்.

சுபாகரன் இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்து பேனைகளும் தயாராயின.

"சுவை எப்பிடி?" என்று கேட்டார் நல்லரத்தினம்.

நல்ல சுவை என்றால் அவர் புகைப்பவர். கருகல் என்றால் அவர் கடமை தவறியவர். சுபாகரன் கண்ணை மூடி யோசித்தார். நாக்கின் அடியில் ஏதோ ஒரு பழம் மெல்ல இனித்தது.

"இன்னொருக்கா இழுத்தாத்தான் சேர் சொல்லலாம்."

ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பணிப்பாளர் குற்றப்பத்திரத்தை மூடிவைத்துவிட்டு, தன் கதிரையைச் சற்று இழுத்து, பக்கத்தில் ஆறாவது கதிரை போட இடம் விட்டார்.